மேல்நூல் இரண்டு

அச்சுவேலி
11.02.2024

குகதாசன் அவர்களுக்கு,

சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. இருபது வருடமாக எழுதாத தங்கை இப்போது ஏன் எழுதுகிறாள் என்று உறையின் மேலுள்ள கையெழுத்தைப் பார்த்ததுமே யோசித்திருப்பீர்கள். போன் எடுத்திருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ஜனவரி 24, புதன்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. என் கணவர் கிறிஸ்ரோபர் பள்ளிப் பிள்ளைகளை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு வந்து வான் வண்டியை வாசலில் நிறுத்தினார். நான் உள்ளே பாடசாலைச் சீருடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பிறகு ஒருவன், "அண்ணை, ஒரு நிமிசம்" என்றான். மரியாதையாகத்தான் கூப்பிட்டான். இவர் கதவைத் திறந்து இறங்கியிருக்கிறார்.

முதல் வெட்டு தோளில். இரண்டாவது தலைக்கு வந்தது. கையைத் தூக்கித் தடுத்தார். நான் ஓடிப்போனபோது வலது கை மணிக்கட்டுக்கு மேலே தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. வானின் கண்ணாடி, படி, மண், எல்லா இடமும் இரத்தம். "கௌரி உள்ளை போ, உள்ளை போ" என்று அவர்தான் கத்தினார். வெட்டியவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏறிப் போனான். தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியால் கையை உடம்போடு சேர்த்துக் கட்டி ஓட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் அந்தக் கையைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள்.

அவர் செய்த குற்றம், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாவா என்கிற போதைப் பாக்கு விற்றவர்களின் மோட்டார் சைக்கிள் இலக்கத்தைப் பொலிஸில் சொன்னதுதான்.

இனி உங்களுக்கு உரியதை எழுதுகிறேன். மறுநாள் வேலியோரம் கூட்டும்போது ஒரு வாள் உறை கிடைத்தது. முதுகில் கட்டுகிற வார் வைத்த கறுப்பு றெக்சீன் உறை. நான் அதைப் பொலிஸிடம் கொடுக்கவில்லை. தையலைப் பார்த்ததும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அதை உள்ளே கொண்டுபோனேன். ஒவ்வொரு துளையிலும் இரண்டு நூல், ஒன்று கறுப்பு, ஒன்று அரக்கு. ஒரே ஊசியில் இரண்டையும் கோத்து அடித்த தையல்.

சண்டையால் பாதை பூட்டியிருந்த காலத்தில் தடித்த நூல் கிடைக்காமல் நாங்கள் இருவரும் அப்படித் தைத்தோம். பெரிய ஊசி போட்டு, நூலை இறுக்குகிற தட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று விடாவிட்டால் இரண்டும் முறுக்கி அறுந்துபோகும். அதைக் கண்டுபிடித்தது நீங்கள். ஒரே நிறத்தில் இரண்டு நூல்கட்டை இல்லாததால் கறுப்போடு அரக்கைச் சேர்த்ததும் நீங்கள். நூல் தாராளமாகக் கிடைக்கிற இன்றைக்கும் உங்கள் கடையில் தைத்துப் போகிற ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சீற்றிலும் அதே இரண்டு நிறம்தான். தெருவில் நிற்கிற மோட்டார் சைக்கிள்களில் பார்த்திருக்கிறேன்.

ஒரே கேள்விதான். இதை யாருக்குத் தைத்தீர்கள்?

சிவகௌரி


கொக்குவில்
20.02.2024

கௌரிக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் கடையில் வைத்துத் தந்தார். அந்த நேரம் ஆட்கள் நின்றார்கள். இனி வீட்டு முகவரிக்கு எழுது. போன் வேண்டாம். ஏனென்று கேட்காதே.

உன் மனிசனுக்கு நடந்ததைப் பேப்பரில் பார்த்தேன். கவலைதான். ஆனால் அந்த உறைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு நூல் கோத்துத் தைக்கிறவன் யாழ்ப்பாணத்தில் நான் ஒருவன் மட்டுமா? என்னிடம் வேலை பழகிப்போனவர்களே நாலைந்து பேர் கடை வைத்திருக்கிறார்கள். கொடுவாக்கத்திக்கு உறை வேண்டும் என்று தோட்டக்காரர் கேட்பார்கள், தைத்துக் கொடுப்பேன். அது எங்கே போகிறது என்று பின்னாலே போய்ப் பார்க்க முடியுமா?

நீ என்னை அண்ணை என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. கவனித்தேன். சைவ வீட்டை விட்டு அந்த வேதக்காரனோடு நீ போன அன்றே நான் உனக்கு அண்ணை இல்லாமல் போய்விட்டேன், அது தெரியும். அம்மா கடைசியாகக் கேட்டது உன் பெயரைத்தான். அதையும் தெரிந்துகொள்.

அந்த உறையை எரித்துவிடு. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

குகதாசன்


அச்சுவேலி
25.02.2024

குகதாசன் அவர்களுக்கு,

எரிக்கவில்லை. பிரித்தேன்.

மேசையில் வைத்து, ஒவ்வொரு தையலாகக் கத்தரி நுனியால் வெட்டினேன். மேல்நூல் இரண்டையும் இழுத்தபோது கீழ்நூல் தானாகக் கழன்று வந்தது. உறை விறைப்பாக நிற்க உள்ளே அட்டை வைத்திருந்தீர்கள். அது ஒரு கொப்பியின் மட்டை. அதில் அழகான எழுத்தில் "கு. நிவேதனா, உயர்தரம், உயிரியல்" என்றிருக்கிறது.

தோட்டக்காரரின் கத்திக்கு உங்கள் மகளின் கொப்பியா? நான் ஒருதரம்கூடப் பார்க்காத பிள்ளையின் பெயரை என் புருசனை வெட்டிய வாளின் உறைக்குள் இருந்து எடுக்க வேண்டி வந்தது. இந்த மட்டையைப் பொலிஸ் பார்த்தால் முதலில் யாரைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மா என் பெயரைக் கேட்டாவா? கேட்டதை எனக்குச் சொல்லி அனுப்பாமல் வைத்திருந்தது யார்? செத்த வீட்டுக்கு வந்தபோது படலையைச் சாத்தியது யார்? நான் வீட்டைவிட்டுப் போன அன்று துணி அளக்கிற அந்த இரும்பு அடிமட்டத்தால் என் முதுகில் எத்தனை தரம் அடித்தீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்காது. நான் எண்ணினேன். பதினாலு.

மார்ச் 10ஆம் திகதி வரைக்கும் பார்ப்பேன். உண்மை வராவிட்டால் மட்டை பொலிஸுக்குப் போகும்.

சிவகௌரி


கொக்குவில்
04.03.2024

கௌரி,

நாலு நாளாக எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

ஓம், நான்தான் தைத்தேன். நாலு உறை. கீர்த்திகன் என்று ஒருவன், இருபத்தாறு வயது இருக்கும். மோட்டார் சைக்கிள் சீற் மாற்ற வந்து பழக்கம். ஜனவரி நடுவில் ஒரு நாள் காலை பத்து மணி போல வந்து கதவைப் பாதி சாத்திவிட்டு, சாக்கிலிருந்து நாலு வாளை எடுத்து வெட்டு மேசையில் போட்டான். "அண்ணை, முதுகிலை கட்டுற மாதிரி. சேட்டுக்கு மேலை தெரியக்கூடாது. உங்கடை ரெட்டை நூலிலை அடியுங்கோ, அதுதான் பிரியாது" என்றான். மாட்டேன் என்று சொல்லலாம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. சந்தியில் பழக்கடைக்காரர் ஒருவர் மாட்டேன் என்று சொன்னதற்கு அவர் கடைக்கும் காலுக்கும் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

அளவு எடுத்தேன். மூன்று நாளில் வந்து எடுப்பதாகச் சொன்னான்.

இதோடு நிறுத்தினால் நீ ஒரு வேளை என்னைப் பயந்தவன் என்று மட்டும் நினைப்பாய். ஆனால் அது முழு உண்மை இல்லை.

மூன்றாம் நாள் வந்தபோது மூன்று உறைதான் முடிந்திருந்தது. நாலாவதுக்கு வெட்டி வைத்திருந்தேன், தைக்கவில்லை. இருந்து பார்க்கிறோம் என்று அங்கேயே இருந்தார்கள். அவனும் இன்னொருவனும். அவர்கள் கதைத்தது எனக்குக் கேட்டது. "அச்சுவேலி வான்காரன். வேதக்காரன். மனிசி வீட்டிலை தைக்கிறவ. ரெண்டு மூண்டு மணிக்கு வாசலிலை நிப்பான்."

கௌரி, எனக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்கத் தேவைப்படவில்லை.

நூல் முடிந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போனேன். போன் சட்டைப் பையில் இருந்தது. எடுத்தேன். உன் வீட்டு இலக்கம் எனக்குத் தெரியும். எங்கள் மச்சாள் ஒருத்தியிடம் வாங்கி வைத்து ஆறு வருடம். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது என் மனதில் ஓடியதை எழுதுகிறேன், நீ வாசி. "வெட்டட்டும்" என்று நினைத்தேன். என் தங்கச்சியைக் கொண்டுபோனவனுக்கு நாலு வெட்டு விழட்டும், உயிர் போகாது, கொஞ்சம் விழட்டும் என்று நினைத்தேன்.

போனைத் திரும்பப் பையில் போட்டேன். அரக்குக் கட்டையைக் கொண்டு வந்து ஊசியில் கோத்து நாலாவது உறையைத் தைத்து முடித்தேன். விறைப்புக்கு அட்டை காணாமல் மகளின் பழைய கொப்பியைக் கிழித்தேன். நீ பிரித்தது அந்த நாலாவதைத்தான்.

குகதாசன்


கொக்குவில்
12.03.2024

கௌரி,

ஒன்பது தையல் போட்டிருக்கிறார்கள். இடது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. மெசினில் கை சிக்கிவிட்டது என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் எழுதிக்கொண்டார்.

நீ வந்து போனதைப் பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. நீ கடைக்குள் வந்து நின்றபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. மெலிந்துவிட்டாய். மேசையில் இருந்த என் கத்தரியையே எடுத்துக் குத்துவாய் என்று நினைக்கவில்லை. கத்தரி கையைக் கடந்து மேசைப் பலகையில் இறங்கி நின்றது. அதை இழுத்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதற்குள் நீ திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். எனக்கு அதுதான் கை நோவைவிடப் பெரிதாக இருக்கிறது.

நிவேதனா பின் கதவால் வந்தவள் உன்னைப் பார்த்துவிட்டாள். "அப்பா, உவ ஆர்?" என்று கேட்டாள். தாய் இல்லாத பிள்ளை, எதையும் என்னிடம்தான் கேட்கும். மாமி, என் தங்கச்சி என்று சொன்னேன்.

கு.


அச்சுவேலி
15.03.2024

உனக்கு,

மன்னிப்புக் கேட்பேன் என்று பார்த்திருந்தால் பார்த்திரு. நான் குறிவைத்தது வலது கையை. நீ இழுத்துக்கொண்டாய்.

நீ ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்றுதான் நினைத்தேன், கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இல்லாத கையின் விரல்கள் எரிகின்றன என்று தினமும் முனகுகிறார். சோற்றை நான் ஊட்ட வேண்டும். ஊட்டும்போது கண்ணை மூடிக்கொள்கிறார், வெட்கம். ஒருதரம் கோப்பையைச் சுவரில் எறிந்தார். எறிந்துவிட்டு, இடது கையால் எறிந்தபடியால் குறி தப்பிவிட்டது என்று சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அவர் கொடுத்த மோட்டார் சைக்கிள் இலக்கம் போலியாம், வெட்டியவர்களைப் பிடிக்கப் பொலிஸிடம் ஒரு பெயரும் இல்லை. உன்னிடம் இருக்கிறது. போய்ச் சொல். கீர்த்திகன் வாளைக் கொண்டு வந்தான், உறை கேட்டான், இன்னாருக்கு என்று சொன்னான். இவ்வளவும்தான். உன் வாயால் சொன்னால் போதும். வேறு ஒன்றும் எனக்கு உன்னிடம் வேண்டாம். உன் கையும் வேண்டாம், உன் அழுகையும் வேண்டாம்.

கௌரி


கொக்குவில்
28.03.2024

கௌரி,

போக வெளிக்கிட்டேன். உண்மையாகத்தான். 25ஆம் திகதி திங்கட்கிழமை காலை குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கடையைத் திறக்காமல் போவதென்று நின்றேன். படலையில் கீர்த்திகன் நின்றான்.

"என்னண்ணை, கோயிலுக்கோ?" என்றான். பிறகு கையைப் பார்த்தான். "தங்கச்சி வந்து போனவவாம். குடும்பத்துக்குள்ளை சண்டை கூடாது அண்ணை." தோளில் கை போட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே முதல் நாள் முடித்து வைத்த சீற் ஒன்று இருந்தது. இடுப்பிலிருந்து வாளை உருவி அதை நீளத்துக்கு ஒரு இழுவை இழுத்தான். றெக்சீன் பிளந்து ஸ்பொஞ்ச் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. "பிள்ளை நல்லூரிலைதானே உயிரியல் ரியூசன்? நாலரைக்கு விடும். நீலச் சைக்கிள். நாங்கள் கவனமாப் பாத்துக்கொள்ளுறம்" என்றான்.

நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். அவன் குனிந்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னான். "இப்ப பொலிஸ்காரன் முதுகைத் தடவிப் பாக்கிறான் அண்ணை. தொடையிலை கட்டுற மாதிரி ஒண்டு வேணும். ஒண்டரை அடி. எனக்கு மட்டும்தான். நான்தான் போடப்போறன்."

பொலிஸுக்கு நான் போகமாட்டேன். நீ என்னைக் கோழை என்று எழுது, காறித் துப்பு. ஆனால் அவனுக்கு அந்த உறையைத் தைத்துக் கொடுக்கப்போகிறேன். இதற்குமேல் எழுதக்கூடாது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் உன் மனிசனிடம் சொல்.

கு.


அச்சுவேலி
09.04.2024

உனக்கு,

இன்னொரு உறை தைக்கப்போவதாக நீ எழுதியதை வாசித்துவிட்டு உன் கடிதத்தை மிதித்தேன். பிறகு எடுத்து வைத்தேன். உன் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

நேற்றுப் பேப்பரில் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகல் கோப்பாயில் மோட்டார் சைக்கிள் மதகில் அடித்து ஒரு இளைஞன் இறந்தான். காற்சட்டைக்குள் தொடையில் கட்டியிருந்த வாள், உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து காலைப் பிளந்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் இரத்தம் எல்லாம் போய்விட்டதாம்.

வாசித்ததும் நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். என்ன என்று அவர் கேட்டார். பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். "உதுதான் கீர்த்திகனோ?" என்று கேட்டேன். அவர் பேப்பரை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

"பேர் லக்சன் எண்டு போட்டிருக்கு, நீ பாக்கேல்லையோ?" என்றார். "உவன் வெட்டேல்லை கௌரி. உவன் மோட்டார் சைக்கிளை ஓடவிட்டுக்கொண்டு அதிலைதான் இருந்தவன். நான் விழுந்து கிடக்கேக்கை என்னைப் பாத்துப் பாத்து அழுதவன்."

இருபத்தொரு வயது. உரும்பிராய்.

அது நீ தைத்த உறையா? ஓம் அல்லது இல்லை என்று எழுது.

கௌரி


கொக்குவில்
17.04.2024

கௌரி,

ஓம்.

கத்தி உறையில் கூர் படுகிற பக்கத்தில் தையலுக்கு உள்ளே ஒரு பட்டி வைத்துத் தைப்போம். கத்தியின் வாய் நூலில் உரசாமல் அந்தப் பட்டிதான் காக்கும். நான் பட்டி வைக்கவில்லை. வெளியே தெரிகிற பக்கம் முழுக்க வழக்கம்போல இரண்டு நூல் கோத்து அழகாக அடித்தேன். பிறகு மெசினை நிறுத்தி, ஊசியில் இருந்த அரக்கு நூலை உருவி எடுத்தேன். கறுப்பையும் எடுத்துவிட்டு, பழைய உக்கிப்போன பருத்தி நூல் ஒன்றைக் கோத்தேன். கூர் படுகிற பக்கத்தை அந்த ஒற்றை நூலால் தைத்தேன். தொடையின் உள்பக்கம் வருகிற மாதிரி வாரையும் வைத்தேன். நடந்தால் ஒன்றும் ஆகாது. மோட்டார் சைக்கிளில் இருந்து பள்ளம் திட்டியில் விழுந்தெழும்பினால் வாயே நூலை ஒவ்வொன்றாக அறுக்கும். பிறகு ஒரு இடி போதும்.

சொன்னால் நம்புவாயோ தெரியாது, அந்த இரண்டு மணித்தியாலம்தான் இந்த வருடத்தில் நான் நிம்மதியாக இருந்த நேரம்.

கீர்த்திகன் வந்து, காற்சட்டைக்கு மேலேயே கட்டிப் பார்த்தான். "இறுக்கிப் பிடிக்குது அண்ணை" என்றான். அவனுக்குத் தொடை பெருத்தது. அன்றைக்கே கழற்றி லக்சனிடம் கொடுத்துவிட்டானாம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், செத்த வீடு முடிந்து மூன்றாம் நாள் கீர்த்திகன் கடைக்கு வந்தான். அவனுக்குச் சந்தேகமே இல்லை. "பாவம் பெடியன், மதகிலை கொண்டுபோய் அடிச்சுப்போட்டான்" என்று சொல்லிவிட்டு, தனக்கு இன்னொன்று, கொஞ்சம் தளர்வாக, என்றான்.

லக்சனை எனக்குத் தெரியும். போன வருடம் சீற் மாற்ற வந்தவன். தாய் பின்னால் இருக்க வசதியாக வேண்டும், அவவுக்கு இடுப்பு நோ, ஸ்பொஞ்ச் கூடப் போடுங்கோ என்று கேட்டவன்.

உனக்காகத்தான் செய்தேன் கௌரி. உனக்காகவும் நிவேதனாவுக்காகவும். யாருக்கும் தெரியாது. பொலிஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். உன்னிடம் இருக்கிற கடிதங்களை எரித்துவிடு. காலில் விழுந்து கேட்கிறேன்.

குகதாசன்


அச்சுவேலி
12.05.2024

குகதாசன் அவர்களுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்குக் காரணம், நான் உரும்பிராய்க்குப் போக வேண்டியிருந்தது.

லக்சனின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் போனேன். லக்சனின் தாய் பெயர் பத்மாசினி. தனிய இருக்கிறா. தையல்காரி, பக்கத்து ஊர், கேள்விப்பட்டு வந்தேன் என்று சொன்னேன். பொய்யில்லை. தேத்தண்ணி தந்தா. ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்த காற்சட்டையை வெளியே கொடியில் போட்டிருந்தா. "கழுவிக் கழுவிப் பாக்கிறன் பிள்ளை, போகுதில்லை" என்றா. முழங்காலுக்கு மேலே துணி திறந்து கிடந்தது. "கால்மணித்தியாலம் உயிரோடை கிடந்தவனாம். ஆரும் கிட்டப் போகேல்லையாம், வாளைக் கண்டிட்டு. அம்மாவுக்குப் போன் எடுங்கோ எண்டு கேட்டவனாம்."

பிறகு அவ என்னைக் கேட்டா: "நீங்கள் தைக்கிற ஆள்தானே, சொல்லுங்கோ. உறைக்குள்ளை இருக்கிற வாள் எப்பிடிப் பிள்ளை வெளியிலை வரும்?"

நான் எழும்பி ஓடி வந்துவிட்டேன்.

அந்தப் பெடியன் நல்லவன் என்று நான் சொல்லவில்லை. என் வாசலில் மோட்டார் சைக்கிளை ஓடவிட்டுக்கொண்டு இருந்தவன். அழுதுகொண்டே இருந்தாலும் இருந்தவன்தான். ஆனால் அவனைக் கொல்லச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை. கீர்த்திகனைக் கொல்லவும் கேட்கவில்லை. பேப்பரைப் பார்த்துச் சிரித்தது நான்தான், அதை மறைக்கமாட்டேன். ஆனால் எனக்காகச் செய்தேன் என்று இனி ஒரு எழுத்துக்கூட எழுதக்கூடாது. நான் உங்கள் வாயைக் கேட்டேன். நீங்கள் திரும்பவும் கையைத்தான் பாவித்தீர்கள், என்னை அடித்த அதே கையை.

கடிதங்களை எரிக்கவில்லை. எரிக்கமாட்டேன்.

20ஆம் திகதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அச்சுவேலிச் சந்தியில் நிற்பேன். கடிதங்கள், மட்டை, பிரித்த உறை, எல்லாம் என் பையில் இருக்கும். நீங்கள் வந்தால் சேர்ந்து பொலிஸுக்குப் போவோம், நீங்களே உங்கள் வாயால் சொல்லலாம். வராவிட்டால் பத்து மணிக்கு நான் தனியே போய்க் கொடுப்பேன்.

அதற்கு முதல் நாளே நிவேதனாவை உடுப்பு, புத்தகங்களோடு இங்கே அனுப்புங்கள். ரியூசனுக்கு இங்கேயிருந்து வேறு ஒழுங்கு செய்யலாம். கிறிஸ்ரோபர்தான் முதலில் சொன்னார், "பிள்ளை என்ன செய்தது?" என்று. எனக்கு அதைச் சொல்ல மனம் வர இரண்டு நாள் சென்றது. இப்போது நானும் சொல்கிறேன். பிள்ளை வரட்டும்.

சிவகௌரி


யாழ்ப்பாணம், விளக்கமறியல் சிறை
09.06.2024

கௌரி,

இங்கே கடிதத்தை வாசித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை, வாசிக்கட்டும்.

கீர்த்திகனையும் மற்ற இரண்டு பேரையும் பிடித்த செய்தி உனக்குத் தெரிந்திருக்கும். அவர்களையும் இங்கேதான் கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் குளிக்கிற இடத்தில் என்னைப் பிடித்துவிட்டார்கள். வாளியால் முகத்தில் அடித்ததில் முன் பல் இரண்டு போய்விட்டது, ஒரு விலா எலும்பு வெடிப்பு. கீர்த்திகன் அடிக்கவில்லை. தள்ளி நின்று, "ஒற்றை நூலோ அண்ணை, ஒற்றை நூலோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இப்போது என்னை வேறு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

வழக்குத் தவணைக்குக் கொண்டுபோன அன்று லக்சனின் தாய் வந்திருந்தா. நீதிமன்ற வாசலில் வைத்து என் முகத்தில் அறைந்தா. காவலர் பிடித்து இழுத்தார். விடுங்கோ என்றேன். அவ இன்னும் இரண்டு தரம் அறைந்துவிட்டு, அங்கேயே என் காலடியில் இருந்து அழுதா. என்னால் குனிய முடியவில்லை, கையில் விலங்கு. லக்சனுடைய சாவுக்கு என்ன குற்றம் சாட்டுவார்கள் என்று சட்டத்தரணிக்கே இன்னும் தெரியவில்லை. எதுவென்றாலும் ஓம் என்று சொல்லப்போகிறேன்.

நிவேதனா எழுதியிருந்தாள். உன் மனிசனின் வெட்டுக் காயத்துக்குத் தான்தான் மருந்து கட்டுவதாகவும், அவர் தனக்கு வான் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறாள். அதற்குமேல் வாசிக்க எனக்குக் கண் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி உனக்கு எழுத வேண்டும். நீ மறந்திருப்பாய், அல்லது பெரிதாக எடுத்திருக்கமாட்டாய். நான் பஸ்ஸால் இறங்கியபோது நீ என்னைப் பார்த்தாய். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாய். நான் பின்னால் வந்தேன். வாகனங்கள் வந்த இடத்தில் நின்று, நான் கடந்துவிட்டேனா என்று திரும்பிப் பார்த்தாய். பொலிஸ் நிலையத்துக்குள்ளே போய் ஒரே வாங்கில் அருகருகே உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் நடுவில் உன் பை.

நான் சொல்லச் சொல்ல அந்தச் சார்ஜன்ட் எழுதினார். இரண்டரை மணித்தியாலம். கறுப்பு நூல், அரக்கு நூல், பட்டி, மதகு, எல்லாம் எழுதினார். நான் போனைக் கையில் எடுத்துத் திரும்பப் பையில் போட்ட இடம் வந்தபோது நீ எழும்பிப் போவாய் என்று நினைத்தேன். நீ அசையவில்லை. முடிந்ததும் நீ கடிதங்களை எடுத்து மேசையில் வைத்தாய். அவர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு உன்னிடம் கேட்டார்:

"நீங்கள் இவருக்கு எதிரா முறைப்பாடு குடுக்க வந்த ஆளோ, இல்லாட்டி இவருக்குத் துணையா வந்த ஆளோ?"

நீ என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துச் சொன்னாய்.

"ரெண்டும்தான் ஐயா. என்ரை அண்ணை."

குகதாசன்